நடிப்பும் ஒரு படிப்பே

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாகப் பகுத்து, அதற்கு ‘முத்தமிழ்’ என்று பெயரிட்டனர் நம் முன்னோர். இயற்றமிழை நாம் வகுப்பறையில் கற்கிறோம். இசைத்தமிழை ஆலயப் பாடற்குழுவில் ஓரளவு பழகுகிறோம். மூன்றாவதாகிய நாடகத் தமிழோ ஆண்டு விழா நெருங்கும்போது மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. பத்து நாள் ஒத்திகை, வாடகைக்கு எடுத்த உடைகள், ஓர் ஒட்டு மீசை, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க ஒரு தோழி. இவ்வளவு இருந்தால் நாடகம் நடந்துவிடும் என்று எண்ணிவிடுகிறோம்.

ஆனால், நாடகத்தையே வாழ்வாகக் கொண்டவர்கள் அதை எப்படிக் கற்றார்கள் என்று பார்க்கும்போது, நமக்கு வியப்பே மிஞ்சுகிறது. கணக்கைப் போலவும் அறிவியலைப் போலவும் நடிப்பும் ஆண்டுக்கணக்கில் பயில வேண்டிய ஒரு படிப்பு. அந்தப் படிப்புக்குப் பலர் தம் குழந்தைப் பருவத்தையே கட்டணமாகச் செலுத்தியிருக்கிறார்கள். அதனை அன்புத் தோழியருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதவிக்கு எத்தனை ஆசிரியர்!

முதலில் சிலப்பதிகாரத்திற்குச் செல்வோம். அதன் அரங்கேற்று காதையில் வரும் மாதவி, 5 வயதில் கலை பயிலத் தொடங்குகிறாள். 7 ஆண்டுகள் பயின்று, 12ஆம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை படிக்கும் காலம் அவளுக்கு ஆடலும் பாடலும் அழகும் கற்பதிலேயே கழிந்தது.

அவளுடைய அரங்கேற்றத்திற்குத் துணை நின்றவர்களைப் பாருங்கள். ஆடல் ஆசிரியன், இசை ஆசிரியன், பாடல் இயற்றும் கவிஞன், தண்ணுமை முழக்குபவன், குழல் ஊதுபவன், யாழ் இசைப்பவன் என அறுவர். ஒவ்வொருவருக்கும் என்னென்ன தகுதி வேண்டும் என்று இளங்கோவடிகள் தனித்தனியே விளக்குகிறார். மேடைக்கும் அளவு கூறுகிறார். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். உள்ளே நுழைய ஒரு வாயில், வெளியேற ஒரு வாயில். மூன்று வகைத் திரைகள். தூணின் நிழல் ஆடுபவர் மேல் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. மின்விளக்கு இல்லாத காலத்திலேயே மேடை ஒளியைப் பற்றி நம் தமிழர் எண்ணியிருக்கிறார்கள் என்பது பெருமைக்குரியதன்றோ?

தொல்காப்பியமும் தன் பங்குக்கு ஒரு பாடம் தருகிறது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை ‘மெய்ப்பாடு’ என்று கூறி, அதனை எட்டாக வகுக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. கண்ணாடி முன் நின்று இந்த எட்டையும் முகத்தில் காட்டிப் பாருங்கள். நகையும் அழுகையும் எளிதாக வரும். மருட்கையையும் அச்சத்தையும் வேறுபடுத்திக் காட்டுவது எவ்வளவு கடினம் என்பது அப்போது விளங்கும். வியப்பில் விரியும் கண் வேறு. பயத்தில் விரியும் கண் வேறு!

ஆறு வயது மாணவர்

இலக்கியத்தில் கண்ட மாதவியைப் போல, வரலாற்றிலும் ஒரு குழந்தைக் கலைஞர் இருக்கிறார். அவர்தாம் ‘அவ்வை’ தி. க. சண்முகம். 1912ஆம் ஆண்டு பிறந்த இவர், 1918ஆம் ஆண்டில், தம் 6ஆம் வயதில், தமையன்மாருடன் மதுரையில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். அக்குழுவின் பெயர் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’. சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்திய இத்தகைய குழுக்களைப் ‘பாய்ஸ் கம்பெனி’ என்று மக்கள் அழைத்தனர்.

அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்த சுவாமிகள், ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’ முதலாக 40க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். ‘தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்’ என்று அவரைப் போற்றுகிறார்கள். முதலில் அவர் தாமே எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேடமிட்டு நடித்தார். அந்தக் கோலத்தைக் கண்டு பெண்கள் அஞ்சி நடுங்கியதால் மனம் வருந்தி, வேடமிடுவதைக் கைவிட்டு ஆசிரியராக மாறினார் என்று சொல்லப்படுகிறது. சிறுவன் சண்முகம் அபிமன்யுவாக நடிக்க வேண்டும் என்பதற்காக, ‘அபிமன்யு சுந்தரி’ என்னும் முழு நாடகத்தையும் ஒரே இரவில் அவர் எழுதி முடித்தார். ஒரு மாணவனுக்காக ஓர் இரவு முழுதும் கண் விழித்த ஆசிரியர்! இத்தகைய ஆசிரியரைப் பெற்றவர் நல்ல நடிகராக வந்ததில் என்ன வியப்பு? சுவாமிகள் 1922ஆம் ஆண்டில் புதுச்சேரியில் காலமானார். அப்போது சண்முகத்துக்கு வயது 10.

பாய்ஸ் கம்பெனியில் சிறுவர்கள் என்ன கற்றார்கள்? முதலில் குரல். அக்காலத்தில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டும். அடுத்தது நினைவாற்றல். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட நாடகங்கள் பலவற்றை ஒரே சமயத்தில் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இன்று நாரதர், நாளை சாவித்திரி, மறுநாள் ராஜா என்று எந்த வேடம் வந்தாலும் ஏற்க வேண்டும். அதன் பிறகு நடை, பார்வை, வாள் பிடித்தல், தாளம் என்று பாடங்கள் நீண்டுகொண்டே போகும்.

இப்பள்ளியில் படித்து வந்தவர்களின் பெயர்கள் நமக்கு நன்கு தெரிந்தவையே. எம்.ஜி.ஆர். குடும்ப வறுமையினால் சிறு வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். சிவாஜி கணேசனும் சிறுவனாக இருக்கும்போதே வீட்டைப் பிரிந்து நாடகக் குழுவில் சேர்ந்தவர்; அவர் முதலில் ஏற்றது சீதை வேடம். நம் பகுதிக்கு நெருக்கமானவர் ஒருவரும் உண்டு. மதுரை மாவட்டம் சேடபட்டியில் பிறந்த எஸ். எஸ். ராஜேந்திரன் அவர்களும் சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தார். 1962ஆம் ஆண்டில் இதே தேனித் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். ‘லட்சிய நடிகர்’ என்று புகழப்பட்ட அவருடைய தமிழ் உச்சரிப்பு நாடக மேடை தந்த செல்வம் என்றால் மிகையாகாது.

இந்தப் பெருமைக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் தாயைப் பிரிந்து ஊர் ஊராகச் சென்றார்கள். இரவெல்லாம் நடித்தார்கள். பாடம் தவறினால் அடியும் கிடைத்தது. பள்ளிக்கூடம் அவர்களுக்கு எட்டாக்கனி. பதின்மூன்று, பதினான்கு வயதில் சிறுவர்களுக்குக் குரல் உடையும். நாடகக்காரர்கள் இதனை ‘மகரக்கட்டு’ என்பர். அதுவரை கதாநாயகியாகப் பாடிக் கைதட்டல் பெற்றவன், குரல் போனதும் கூட்டத்தில் ஒருவனாக நிற்க நேரும். குரல் திரும்ப வந்தவர்கள் நடிகரானார்கள். வராதவர்கள் என்ன ஆனார்கள் என்பதை எந்தப் புத்தகமும் விரிவாக எழுதவில்லை. புகழ் பெற்ற நால்வரை நினைக்கும்போது, பெயர் தெரியாமல் போன அந்தச் சிறுவர்களையும் நாம் நினைக்க வேண்டும். இன்று 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமை என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம். இது அக்குழந்தைகளுக்கு இல்லாமற்போன உரிமை.

பாட்டிலிருந்து பேச்சுக்கு

சண்முகமும் அவருடைய சகோதரர்களும் 1925ஆம் ஆண்டு தங்கள் சொந்தக் குழுவைத் தொடங்கினர். ‘மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா’ என்பது அதன் பெயர். பின்னாளில் இவர்களே ‘டி.கே.எஸ். சகோதரர்கள்’ என்று புகழ் பெற்றனர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் இக்குழுவில் வளர்ந்தவரே.

இங்கே அவர்களுக்கு இரண்டாவது வகைப் பாடம் தொடங்கிற்று. எம். கந்தசாமி முதலியார் என்னும் ஆசிரியர் வந்து, ‘ராஜாம்பாள்’, ‘மேனகா’ போன்ற நாவல்களை நாடகமாக்கிப் பயிற்சி அளித்தார். புராண நாடகத்தில் அரசனும் முனிவனும் பாட்டாலேயே பேசுவார்கள். நாவல் நாடகத்தில் வருபவர்களோ வக்கீலும் மாமியாரும் போலீஸ்காரரும். வீட்டில் பேசுவது போலப் பேச வேண்டும். கையை வீசிப் பாடிப் பழகியவர்கள், நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து ஒரு பெருமூச்சு விடக் கற்க வேண்டியிருந்தது. பெரிதாகச் செய்வது ஒரு கலை. சிறிதாகச் செய்து பெரிதாக உணர்த்துவது மற்றொரு கலை. ‘மேனகா’ 1935ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது. அதிலும் இச்சகோதரர்கள் நடித்தனர்.

இதே மாற்றத்தைச் சென்னையில் வேறு வழியில் கொண்டுவந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891ஆம் ஆண்டில் அவர் ‘சுகுண விலாச சபை’யைத் தோற்றுவித்தார். வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் மாலை வேளையில் கூடி, ஊதியம் கருதாமல் நடித்த சபை அது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்று தமிழ்ப்படுத்தியவரும் அவரே. வயிற்றுக்காக நடித்தவர்களை ஏளனமாகப் பார்த்த சமுதாயம், படித்தவர்கள் மேடை ஏறியதும் சற்றே திரும்பிப் பார்த்தது. இது சிந்திக்க வேண்டிய செய்தி.

ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும்

பெண்கள் பள்ளியில் படிக்கும் நமக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஏரோது மன்னனும் நாமே, சூசையப்பரும் நாமே, கட்டபொம்மனும் நாமே! கண் மையால் மீசை வரைந்து மேடையில் வந்து நின்றால் அரங்கமே சிரிக்கிறது. ஆனால் நாடக வரலாற்றில் இது சிரிப்புக்குரிய செய்தியன்று. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றனர். ஜப்பானில் ‘கபுகி’ என்னும் நாடகத்தை 1603ஆம் ஆண்டளவில் தொடங்கி வைத்தவர் ஒகுனி என்ற பெண். ஆயினும் 1629இல் பெண்கள் கபுகி மேடை ஏறத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் ஆண்களே பெண் வேடம் ஏற்கும் மரபு வளர்ந்தது. அதே ஜப்பானில் 1913ஆம் ஆண்டில், பெண்களே எல்லா வேடங்களையும் ஏற்கும் ‘டக்கராசுகா’ என்னும் குழு தோன்றியது. ஆண் வேடத்திற்கெனவே தனிப் பயிற்சி பெறும் பெண்கள் அதில் இன்றும் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டு ஒரு நாடகக் குழு நடத்தினார். அவருடைய நாடகத்தைக் காண வருவோருக்காகத் தனி ரயில் விடப்பட்டது என்பர். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் சிறுமியாக நாடகத்தில் சேர்ந்து பாட்டால் புகழ் பெற்றவர். 1935ஆம் ஆண்டு ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். 1958ஆம் ஆண்டில் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார்.

இதற்கு நேர்மாறாக, தி. க. சண்முகம் ஔவைப் பிராட்டியாக நடித்துப் புகழ் பெற்றார். முதுமைத் தோற்றம் இயல்பாக வரவேண்டும் என்பதற்காகத் தம் பற்களையே எடுத்துவிட்டார் என்று சொல்வர். ‘அவ்வை’ என்ற அடைமொழி அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டது. 1960களில் அவருடைய குழுவில் நாடகம் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் கமல்ஹாசன். 1996ஆம் ஆண்டு தாம் பெண் வேடமிட்டு நடித்த படத்திற்கு அவர் ‘அவ்வை சண்முகி’ என்று பெயரிட்டது தம் ஆசிரியருக்குச் செய்த வணக்கம்.

கிழவி வேடம் என்றால் முதுகை வளைத்து இருமினால் போதும் என்று நாம் நினைக்கிறோம். நடிக்கத் தெரிந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். வயதானவர் நாற்காலியில் அமரும் முன் கையால் அதைத் தடவிப் பார்க்கிறாரே, படி இறங்கும்போது இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து இறங்குகிறாரே, அதைக் கவனிப்பதே அவர் கற்கும் பாடம். ஆண் வேடமும் அவ்வாறே. மீசையில் ஆண் இல்லை. நிற்கும் நிலையிலும் பேசும் உறுதியிலும்தான் இருக்கிறான். வேறு ஒருவராக நடிக்க வேண்டுமானால், முதலில் அந்த ஒருவரை அன்போடு கவனிக்க வேண்டும். நாடகம் நமக்குக் கற்றுத் தரும் பெரிய பாடம் இதுவே எனலாம்.

நம் ஊர்த் திருவிழா மேடை

பெரியகுளம், தேனி, கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் திருவிழாக் காலத்தில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் என்று சுவரொட்டி பார்க்காதவர் யார்? சங்கரதாஸ் சுவாமிகள் நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது மதுரை வட்டாரத்தில் இன்னும் உயிரோடு இருப்பது இந்த மேடைகளால்தான். இதனை ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பர். ‘இசை நாடகம்’ என்றும் கூறுவர்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. அன்றிரவு மேடைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். இரவு பத்து மணியளவில் ஆர்மோனியமும் மிருதங்கமும் தொடங்கும். முதலில் பபூன் வந்து சிரிக்க வைப்பார், பிறகு நடனம், அதன் பின்னரே கதை. வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்வார்கள். வேடனாக வந்த முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்வார்கள். எதிரில் இருப்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. பதில் உடனே வர வேண்டும், ராகம் தவறக்கூடாது, தாளம் பிசகக்கூடாது, பார்ப்பவர் எழுந்து போகவும் கூடாது. பொழுது விடியும் வரை இது நடக்கும். வசனத்தைத் தோழி எடுத்துக் கொடுத்தும் தடுமாறும் நாம், இவர்களைக் கைகூப்பி வணங்க வேண்டாமா?

கட்டியங்காரனும் புதிய நாடகமும்

தமிழகத்தின் வடபகுதியில் வழங்குவது தெருக்கூத்து. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை இதற்குப் பெயர் பெற்ற ஊர். கட்டையால் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து, துரியோதனனும் அர்ச்சுனனும் திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டே தோன்றுவார்கள். அவ்வளவு சுமையைத் தாங்கிக்கொண்டு சுழன்று ஆட வேண்டும். நடுவில் கட்டியங்காரன் வருவான். அரசனுக்கு அவனே சேவகன். அரசனைக் கேலி செய்பவனும் அவனே. பழைய கதை நடந்துகொண்டிருக்கும்போதே, இன்றைய விலைவாசியைப் பற்றி மக்களிடம் பேசிவிடுவான்.

ரஷ்ய நாட்டு ஸ்டானிஸ்லாவ்ஸ்கி என்னும் அறிஞர், நடிகன் தன் உள்ளத்து உணர்வைக் கொண்டு அந்தப் பாத்திரமாகவே வாழ வேண்டும் என்றார். அவர் மாஸ்கோ கலை அரங்கை 1898இல் நிறுவியவர்களுள் ஒருவர். ஜெர்மானியரான பிரெக்ட் என்பவரோ, ‘இது நாடகம்’ என்பதைப் பார்ப்பவர் மறந்துவிடக்கூடாது, மறந்தால் சிந்திக்க மாட்டார்கள் என்றார். முதலாமவர் கூறியதை நாம் கண்ணீர் வரவழைக்கும் நாடகங்களில் காணலாம். இரண்டாமவர் கூறியதை நம் கட்டியங்காரன் எவர் சொல்லியும் கேளாமல் தானே செய்துவந்திருக்கிறான்!

பழையதையும் புதியதையும் இணைக்கும் முயற்சி நமக்கு அண்மையிலேயே நடந்தது. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் 1977ஆம் ஆண்டில் நாடகப் பயிற்சிப் பட்டறை ஒன்று நடந்தது. அதே ஆண்டில் சென்னையில் ந. முத்துசாமி ‘கூத்துப்பட்டறை’யைத் தொடங்கினார். தெருக்கூத்தின் அடவுகளை இன்றைய நடிகர்களுக்கு உடற்பயிற்சியாகக் கற்பித்தவர் அவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பிக்கும் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் கொட்டகையில் கற்ற படிப்பை இன்று பட்டப் படிப்பாகவே படிக்கலாம்.

திருச்சபையும் மேடையும்

நம் திருச்சபையும் நாடகத்தைத் தள்ளி வைக்கவில்லை. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் ஆண்டவரின் பாடுகளை மேடையில் காட்டும் பாஸ்கா நாடகங்கள் நம் தென் மாவட்டங்களில் நடைபெறுகின்றன. இலங்கையின் மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கரிடையே ‘வாசாப்பு’ என்னும் நாடக வகை உண்டு. யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகளார் 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கி, பாடுகளின் நாடகங்களைப் பல்லாயிரவர் காணச் செய்தார். இங்கே நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை, தாம் கிறிஸ்தவரல்லராயினும், ‘இயேசுநாதர்’ நாடகத்தை மேடையேற்றினார்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இளமையில் நடிகராக இருந்தவர். 1941இல், போலந்து நாடு நாஜிகளின் பிடியில் இருந்தபோது, அவரும் நண்பர்களும் வீடுகளுக்குள் மறைவாக நாடகம் நடத்தினர். காட்சித் திரை இல்லை, ஆடம்பர உடை இல்லை; சொல் ஒன்றே அவர்களுடைய கருவி. பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து. நாடகம் பொழுதுபோக்கு மட்டும் என்றால் அதற்காக யாராவது உயிரைப் பணயம் வைப்பார்களா?

சிறுமலராம் குழந்தை இயேசுவின் புனித தெரேசா, எங்கள் வயதில், அதாவது 15 வயதில், லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். சகோதரிகளின் மகிழ்ச்சி நேரத்திற்காக 8 சிறு நாடகங்கள் எழுதினார். புனித ஜோன் ஆஃப் ஆர்க்காக அவரே நடித்தார். 1895ஆம் ஆண்டு நடந்த நாடகத்தில், தீயில் எரியும் காட்சிக்காக வைத்த அடுப்பிலிருந்து நெருப்புப் பற்றிக்கொண்டது. உடனே அணைக்கப்பட்டதால் அவர் தப்பினார். போர்க்கோலத்தில் அவர் நிற்கும் புகைப்படங்கள் இன்றும் உள்ளன. மடத்தின் நான்கு சுவருக்குள் ஒரு புனிதையே வாள் ஏந்தி நடித்திருக்கும்போது, பெண் பிள்ளைக்கு மேடை எதற்கு என்று யார் கேட்க முடியும்?

ஒரு சொல்லைப் பற்றி

இவ்வளவு கற்ற பிறகும் நாடகக் கலைஞரை உலகம் எப்படி அழைக்கிறது? ‘கூத்தாடி’ என்கிறது. கூத்து ஆடுபவர் என்பதே அச்சொல்லின் பொருள். அதில் இழிவு ஏதுமில்லை. கூத்து நடக்கும் அவையில் மக்கள் திரள்வதையும் முடிந்தவுடன் கலைவதையும் செல்வத்தின் நிலையாமைக்கு உவமையாகக் கூறினார் திருவள்ளுவர். அத்தகைய சொல்லை நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோம். வகுப்பில் குறும்பு செய்பவளையும் அப்படித் திட்டுகிறோம்.

இச்சொல் மிகவும் புண்படுத்துவது நாடகப் பெண்களைத்தான். சூசன் சைசர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி, 2005ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மேடையில் ஆயிரம் பேர் முன் வள்ளியாக நிற்கும் பெண், பகலில் தன் தெருவில் தன் தொழில் பிறர் கண்ணில் படாதபடி எவ்வளவு கவனமாக நடந்துகொள்கிறாள் என்பதை அதில் எழுதியிருக்கிறார். இரவு வெகுநேரம் பயணம் செய்ய வேண்டும்; தெரியாத ஆண்கள் முன் ஆட வேண்டும். இவ்விரண்டும் அவளுடைய வேலை. அந்த வேலையையே குற்றமாக்கி அவளைக் குறை கூறுகிறது ஊர். அவளுடைய பாட்டு வேண்டும், ஆனால் அவள் பிள்ளையோடு தங்கள் பிள்ளை விளையாட வேண்டாம் என்றால் அது என்ன நீதி?

நாங்கள் பத்தாம் வகுப்பு முடிக்கப் போகிறோம். எங்களில் பலருக்கு இப்பள்ளி மேடையே கடைசி மேடையாக இருக்கக்கூடும். ‘பெரிய பெண் ஆகிவிட்டாய், இனி நாடகமெல்லாம் வேண்டாம்’ என்று வீட்டில் சொல்லப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஆண்பிள்ளைக்குக் குரலால் வந்த மகரக்கட்டு, பெண்பிள்ளைக்கு ஊர்ப் பேச்சால் வருகிறது போலும்! குரல் கட்டு சில மாதங்களில் நீங்கிவிடும். பேச்சால் வரும் கட்டை நீக்க நாம்தான் முயல வேண்டும். நாடகம் பயின்றவள் நல்ல ஆசிரியை ஆகலாம், வழக்கறிஞர் ஆகலாம், நாலு பேர் முன் நடுங்காமல் தன் நியாயத்தைச் சொல்லும் பெண்ணாக வாழலாம்.

ஆகவே, அன்புத் தோழியரே, அடுத்த ஆண்டு விழாவில் மேடையேறப் போகும் தங்கைகளுக்கு நாங்கள் கூற விரும்புவது இது. வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். எதிரில் இருப்பவளின் வசனத்தையும் படியுங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கேட்கும்படி பேசுங்கள், கத்தாதீர்கள். கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் வேடம் கிடைத்தாலும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஊர்த் திருவிழாவில் வள்ளியாக நடிக்கும் அக்காவைக் கண்டால், ‘அக்கா, நன்றாகப் பாடினீர்கள்’ என்று இரண்டு சொல் சொல்லுங்கள். ஆறு வயதில் தாயைப் பிரிந்து சிறுவர்கள் கற்ற கலையை, நாம் மாலையில் வீடு திரும்பித் தாய் மடியில் தலை வைத்துக்கொண்டே கற்கும் பேறு பெற்றிருக்கிறோம். அந்தப் பேற்றை வீணாக்காமல் இருப்போமாக.

வளர்க நாடகத் தமிழ்! வாழ்க அதனைக் காத்துவரும் கலைஞர்கள்!